தட்டுச் சத்தத்துக்கு அசையாத குட்டி

எங்கள் செவலைப் பசு ஈன்ற முதல் கன்றை ஊர்நாய்கள் குதறிப் போட்ட பிறகுதான் நாய் வளர்க்கும் யோசனை என் வீட்டுக்காரருக்கு வந்தது. மேயப் போன மாடு கருவேலங்காட்டுக்குள்ளேயே ஈன்றுவிடும். நாங்கள் தேடிப் போவதற்குள் நாய்க்கூட்டம் முந்திக்கொள்ளும். அடுத்த ஈற்றும் இப்படிப் போனால் மாடுகளை விற்றுவிடுவது என்று பேசி வைத்திருந்தோம்.

முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் வெள்ளாமை செய்யும் ஒரு சம்சாரி வீட்டில் ராஜபாளையம் குட்டிகள் இருந்தன. பஸ் ஏறிப் போனோம். என் வீட்டுக்காரர் நாய் வாங்குகிறவர்கள் வழக்கப்படி குட்டிகளின் வாயைத் திறந்து அண்ணம் கறுப்பா என்று பார்த்தார். பிடரியைப் பிடித்துத் தூக்கிக் கத்துகிறதா என்று பார்த்தார். கடைசியில் ஒரு தட்டை வாங்கி, குட்டிகளுக்குப் பின்னால் நின்று கரண்டியால் ஓங்கி அடித்தார். எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஓடின. ஒரு வெள்ளைக் குட்டி மட்டும் பாலை நக்கிக்கொண்டே இருந்தது.

"இதான் ஆம்பளப் புள்ள," என்றார். சம்சாரி வாயைத் திறக்கவில்லை. விவரமான ஆள்.

வீட்டுக்கு வந்த பிறகு, கூப்பிட்டால் குட்டி வராது. "ரோசக்காரன், யாரையும் மதிக்க மாட்டான்," என்று வீட்டுக்காரருக்குப் பெருமை வேறு. எனக்குச் சந்தேகம் தட்டியது. அது தூங்கும்போது பக்கத்தில் வெண்கலக் குடத்தைப் போட்டேன். கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"ஊரெல்லாம் தேடிச் செவிட்டு நாயப் புடிச்சாந்துருக்கீக," என்றேன்.

அன்று அவர் சாப்பிடவில்லை. டீக்கடைக்குப் போவதையும் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டார். பிறகு, "ராமேஸ்வரத்துல கொண்டுபோய் விட்டுட்டு வாரேன். கோயில் ஊர்ல சோத்துக்கா பஞ்சம்?" என்றார். சொன்னாரே தவிர, போகவில்லை. மழை, மிளகாய் நடவு, பிறகு யாரோ வீட்டுக் கல்யாணம். அதற்குள் அது வளர்ந்து செவலையின் பின்னாலேயே காட்டுக்குப் போய்வரத் தொடங்கிவிட்டது. பசு எந்தப் பக்கம் தலையைத் திருப்பினாலும் அதுவும் திரும்பும்.

ஈனும் நாள் நெருங்கிய நேரம். ஒரு மத்தியானம் மற்ற மாடுகள் தண்ணீருக்கு வந்தன, செவலை வரவில்லை. கண்மாய்க் கரைப் பக்கம் நாய்கள் குரைப்பது கேட்டது. இருவரும் ஓடினோம்.

கன்று பிழைத்தது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் நாய்க்கு ஒரு காது போயிற்று. இருந்தும் உதவாத காது என்பதால் அதற்காக யாரும் வருத்தப்படவில்லை. ஆனால் நாங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது இதெல்லாம் தெரியாது. ஈரம் காயாத கன்றுக்கு முன்னால் எங்கள் நாய் கால் ஊன்றி நின்றது. சுற்றிலும் ஊர்நாய்கள் குரைத்த குரைப்புக்கு வேறு நாயாக இருந்தால் வாலைச் சுருட்டியிருக்கும். அப்போது கூட்டத்தில் ஒன்று பதுங்கிப் பதுங்கி அதன் பின்பக்கமாகப் போனது.

"ஏலே, பின்னால பாருலே! பின்னால!" என்று வீட்டுக்காரர் தொண்டை கிழியக் கத்தினார்.

அதற்குக் காது கேட்காது என்று நான் சொல்லவில்லை. நானும் அதையேதான் கத்திக்கொண்டு ஓடினேன்.