கோச்சடை வயலோரத்துக் குழி

சமயநல்லூர் பின்னால் போய்விட்டது. பஞ்சு அரவை ஆலையில் பருவம் முடிந்து ஆட்களை நிறுத்திவிட்டார்கள் என்று வாசற்காவலாளி சொன்ன பிறகு அங்கே நிற்பதில் பயனில்லை. மதுரைக்கு எட்டு மைல். கையிலிருந்த ஓரணாவுக்குப் பரவையில் இட்லி தின்றேன். அதனால் பஸ் இல்லை, நடைதான்.

பிற்பகல் மூன்று மணிக்கு விளாங்குடியில் சாலையை விட்டு இறங்கி வைகையைக் கடந்தேன். பங்குனி மாதம். மணல் காலைச் சுட்டது. தென்கரை ஓரமாக மட்டும் கணுக்கால் அளவு நீர் ஓடியது. அதைத் தாண்டினால் கோச்சடை. கரும்பும் வாழையும், இடையிடையே உழுதுபோட்ட நிலமும்.

வண்டிப்பாதை ஓரத்தில், ஒரு பனைமரத்துக்கு இந்தப்பக்கம், மண் வட்டமாக அமுங்கிக் கிடந்தது. மேலே வைக்கோல் பரப்பியிருந்தது. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மண்டியிட்டு, உள்ளே கிடந்த புதுமண்ணைக் கையால் அள்ளி வெளியே போட ஆரம்பித்தேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும். நான் கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலையில் இருந்தபோது, காய்ச்சலோடு என்னை அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் கரையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். நாராகான்செட் என்னும் அந்நாட்டுப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெரியவர் வீட்டில் அந்தக் குளிர்காலம் கழிந்தது. சாந்து இல்லாமல் கல்லடுக்கிச் சுவர் கட்டுவது அவர் பிழைப்பு. நான் கல் சுமந்தேன். காட்டுப்பாதையில் அங்கங்கே ஒரு முழ ஆழத்தில் வட்டக் குழி இருக்கும். அவர் நின்று, உதிர்ந்த இலைகளை அள்ளிப் போட்டுவிட்டு, "கேள்" என்பார். இங்கே என்ன நடந்தது என்று நான் கேட்க வேண்டும். எதிரியை வெள்ளத்திலிருந்து ஒருவன் இழுத்துக் கரைசேர்த்த இடம் என்பார். இரண்டு கூட்டத்தார் சண்டையை விட்ட இடம் என்பார். ஏடு எழுதாத அந்த மக்களுக்கு அதுதான் சரித்திரம். குழியைக் கண்டவன் சுத்தம் செய்து காரணம் கேட்க வேண்டும், கேட்டவன் அடுத்தவனுக்குச் சொல்ல வேண்டும். பனி உருகுமுன் அவர் இறந்துபோனார். இறந்தவர் பெயரைச் சொல்வது அவர்களிடம் வழக்கமில்லை. நானும் எழுதவில்லை. குழியைக் கண்டால் நிற்கும் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. அதற்காகத் தூத்துக்குடியில் திருடன் என்று அடிகூட வாங்கியிருக்கிறேன்.

முழ ஆழத்தில் கரித்துண்டும் செங்கல் சில்லும் தட்டுப்பட்டன.

"ஏண்ணே, அதுல என்ன தேடுறீக?"

புல்லுக்கட்டோடு ஒரு பெண் நின்றாள். பேச்சி என்று பெயர்.

"எதுவும் தேடலம்மா. இங்க என்ன நடந்துச்சுன்னு கேக்கணும்."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். கட்டைக் கீழே போட்டுவிட்டு ஒரு கரித்துண்டை எடுத்தாள்.

"கல்லு நின்ன எடம்ணே இது."

அவள் புருஷன் கொழும்புப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த காசில் வாங்கிய அரை ஏக்கர் அது. அதற்குமுன் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் ஓரடி மண் சொந்தமில்லை. பக்கத்து நிலக்காரர் சர்வே கல்லைப் பிடுங்கிவிட்டு, அது பனைக்கு அந்தப்பக்கம் இருந்தது என்கிறாராம். அவர் சொல் நின்றால் இவர்களுடைய கிணறு அவருக்குப் போய்விடும். மறுநாள் காலை தல்லாகுளத்திலிருந்து சர்வேயர் வருகிறார்.

"அடியில கரி போட்டு நட்டதுன்னு நெலத்த வித்தவரு சொன்னாரு. எங்கன்னு தோண்ட? அம்புட்டையும் உழுது போட்டுட்டாக. நீங்க எந்திரிக்காதீகண்ணே, வீட்டுக்காரரக் கூட்டியாரேன்."

அவள் போன சற்று நேரத்தில் அந்தப் பக்கத்து நிலக்காரர் குடையோடு வந்தார்.

"யாருப்பா நீ? தோண்டச் சொல்லி எம்புட்டுக் குடுத்தாக?"

பெரியவரைப் பற்றிச் சொன்னேன்.

"அமெரிக்காவுல ஒரு கெழவன் சொன்னான்னு கோச்சடைக்கு வந்து மண்ணு கிண்டுறியாக்கும்."

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு குடையை மடக்கிக்கொண்டு, "நம்ம கரும்பாலையில ஆள் வேணும். ஆறணா, ரெண்டு வேளை சோறு. இத மூடிட்டுக் காலையில வா" என்றார்.

மதுரையில் அந்தக் கூலி கிடைக்காது. "தொறந்தவன் மூடக் கூடாதுங்க" என்றேன்.

"அப்பப் பட்டினி கெட."

பேச்சியும் புருஷனும் குழியை ஒட்டிக் காவலுக்குப் பாய் விரித்தார்கள். கேப்பைக் கூழும் வெங்காயமும் கொடுத்தார்கள். விடியும்வரை யாரும் வரவில்லை.

காலை ஏழு மணிக்கு சர்வேயர் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். அவருக்கு அளவுச் சங்கிலி இழுப்பவன், மனைவிக்குப் பிரசவம் என்று அன்று வரவில்லை. அவர் கண் என்மேல் விழுந்தது. நாலணா என்றார். சரி என்றேன்.

"சார், அவனையா வைக்கிறீக?" என்று நிலக்காரர் குறுக்கே வந்தார். "இந்தக் குழியவே நேத்து அவந்தான் கிண்டுனான். அமெரிக்காவுல எவனோ ஒரு கெழவனாம். குழியக் கண்டாச் சுத்தம் பண்ணி, என்னா ஏதுன்னு கேட்டு, நாலு பேத்துக்குச் சொல்லணுமாம்."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். சர்வேயர், "எதுக்காம்?" என்று கேட்டார். நிலக்காரர் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். நான் சொன்னதில் ஒன்றுகூட அவர் விடவில்லை. வெள்ளத்திலிருந்து எதிரியை இழுத்துப்போட்டவனைக்கூடச் சொன்னார். ஒரு கிழவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

"நீளத்த நாந்தான பாக்குறேன். அவன் இழுத்தாப் போதும்" என்றார் சர்வேயர்.

அளவு தொடங்கும் இடமான ஊர்க்கோயில் மூலைக்கல்லிலிருந்து சங்கிலியை இழுத்துக்கொண்டு நடந்தேன். சர்வேயரின் ஏட்டில் இருந்த நீளம் குழிக்கு அரையடி முன்னால் முடிந்து சங்கிலி இறுகியது. சர்வேயர் வந்து குனிந்து, மண்ணைக் கிளறி, கரியைப் பார்த்தார். பனையையும் நிலக்காரரையும் ஒருமுறை பார்த்தார். பேச்சி புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குழிக்குள்ள எறங்கி நில்லு" என்றார் என்னிடம். "கல்லு வந்து நடுறவரைக்கும் நகரக் கூடாது. அதுதான் இன்னிக்கு உனக்கு வேல."

இறங்கி நின்றேன்.