நித்ர போயாரு

மதியம் பக்கத்து வீட்டு ரமணம்மா வாசலில் நின்று அம்மா எங்கே என்று தெலுங்கில் கேட்டாள். "நித்ர போயாரு" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் திடுக்கிட்டு உள்ளே திரும்பிப் பார்த்தேன். தூங்கிவிட்டார் என்பதைத் தெலுங்கில் அப்படித்தான் சொல்வார்கள். சித்தூரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். அதுதான் சங்கடம்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, நெஞ்சுவலி வந்து திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பினாயில் நாற்றமடிக்கும் நடையில், மடியில் காபி ஃபிளாஸ்க்கோடு அம்மா. பக்கத்தில் நகம் கடித்துக்கொண்டு நான். அந்தப் பழக்கம் இன்னும் விட்டபாடில்லை. நர்ஸ் எட்டிப் பார்த்து, "நித்ர போயாரு" என்றாள். அம்மா கடைக்காரர்களோடு தெலுங்கில் சண்டையே போடுவாள். ஆனால் பயந்த காது தமிழில்தான் கேட்கும்போல. 'நித்ர' ஏறவில்லை, 'போயாரு' மட்டும் ஏறியது. ஃபிளாஸ்க் உருள, "பூட்டாரே!" என்று தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். உள்ளேயிருந்து நைனாவின் குரல் ஈனமாக வந்தது.

"யாருடி பூட்டாங்க?"

பிழைத்து வந்தவர் அதைச் சொல்லிச் சொல்லியே சிரிக்கவைத்தார். சாப்பிட்டுப் பாயை விரிக்கும்போதெல்லாம், "நித்ர போறேன், ஒப்பாரி வைக்காத" என்பார். அம்மா முறைப்பாள்.

போன வருஷம் நைனாவுக்கு மறுபடி நெஞ்சுவலி, மறுபடி அதே நடை, அம்மா மடியில் ஃபிளாஸ்க். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். திரும்பி வந்தேன்.

"இன்னா சொன்னாரு?" என்றாள் அம்மா.

என் வாயில் வந்தது அது ஒன்றுதான்.

"நித்ர போயாரு."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். "தெலுங்குல சொல்றியா, தமிழ்ல சொல்றியா?"

நான் நகத்தைக் கடித்தேன். அம்மா ஃபிளாஸ்க்கைப் பத்திரமாகத் தரையில் வைத்தாள். அழவில்லை. அன்றிலிருந்து சரியாகப் பேசவும் இல்லை, பகலில் படுக்கவும் இல்லை. சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருப்பாள். இவளையும் இழந்துவிடுவேனோ என்று பயந்தபடியே இருந்தேன். இன்றுதான் அவளாகவே பாயை விரித்துப் படுத்தாள்.

ரமணம்மாவை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். அம்மா அசையாமல் கிடந்தாள். குனிந்து மூக்கருகே கை வைத்தேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "தெலுங்குலதாண்டி சொன்ன. பயப்படாத."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அம்மாவின் உதடும் லேசாகக் கோணியது. கண்ணோரத்து நீர் வழிந்து பாயில் இறங்கியது. இந்தச் சத்தத்துக்கு நைனா, "யாருடி பூட்டாங்க?" என்று கேட்டிருப்பார். கேட்க ஆள் இல்லை.