பாடு என்ற ஒரே சொல்

என் கணவர் சேவியருக்கு வாய் அடைத்துப்போன காலையில், கரைவலை இன்னும் கடலுக்குள்தான் கிடந்தது. மற்றவர்களோடு கயிறு இழுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே மணலில் சரிந்தார். புத்தளம் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றித் தந்தார்கள். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சும் வரவில்லை. என் பெயர் ஜெசிந்தா. அதைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை.

எங்கள் கற்பிட்டிக் கரையில் வலை இழுக்கும்போது அம்பா பாடுவார்கள். முதல் குரல் எப்போதும் இவருடையதுதான். மாலைச் செபத்தில் மாதா பிரார்த்தனையை ராகத்தோடு தொடங்குகிறவரும் இவர்தான். அந்த வாய் கோணிக் கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் பாட்டையே நிறுத்திவிட்டேன். ரேடியோவை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். செபமாலையை வாய்க்குள்ளேயே முணுமுணுத்து முடிப்பேன். "ஆண்டவரே, அவருக்கு ஒரு வார்த்தை தாரும்." அது ஒன்றுதான் என் மன்றாட்டு.

வார்த்தை வந்தது. "பாடு" என்றார்.

சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். எங்கள் கரையில் அவரவர் வலை போடுகிற இடத்துக்குப் பாடு என்றுதான் பெயர். அதைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, என் தம்பியை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னேன். "அத்தான், பாடு பத்திரமா இருக்கு. நீங்க யோசிக்காதீங்க" என்றான். இவர் இல்லை என்று தலையை ஆட்டினார். மறுபடியும் "பாடு" என்றார். உட்கார்ந்திருந்த கதிரையில் இடது கையால் அடித்தார்.

தவக்காலம் வந்தது. இயேசுவின் பாடுகளைத் தியானிக்கிற காலம். இவர் தான் படுகிற பாட்டைத்தான் சொல்கிறார் என்று இப்போது எடுத்துக்கொண்டேன். "ஓமப்பா, பெரிய பாடுதான். ஆண்டவருக்கு ஒப்புக்குடுங்க" என்பேன். அவர் கண்ணீர் விடுவார். நானும் அழுவேன். ஒரு நாள் கோயிலில் சிலுவையடியில் நின்று சண்டையே பிடித்தேன். "ஒரு வார்த்தை கேட்டேன். எங்கள் துன்பத்தை எங்களுக்கே சொல்லிக்காட்டவா இதைத் தந்தீர்?" அதற்குப் பிறகு செபமாலையைக் கையில் எடுக்கவில்லை. அவ்வளவு உடைந்துபோயிருந்தேன்.

அந்த நாட்களில்தான் பள்ளிவாசல்துறையிலிருந்து ரஹ்மா ராத்தா இவரைப் பார்க்க வந்தார். எங்களிடம் நெடுநாளாகக் கருவாடு வாங்குகிற முஸ்லிம் அக்கா. அவர் முன்னாலேயே இவர் "பாடு, பாடு" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். நான் வழக்கம்போலத் தேற்றப் போனேன். ராத்தாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன புள்ள நீ? மனுசன் ஒன்னப் பாடச் சொல்றாரு. பாடேன்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலையும் சிலுவையும் சேர்ந்து என் காதை அடைத்திருந்தன. ராத்தாவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

மாதா பிரார்த்தனையைத் தொடங்கினேன். முதல் வரி முடிந்ததும் அந்தக் கோணல் வாய் திறந்தது. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." ஒவ்வொரு வரிக்கும் எல்லோரும் சேர்ந்து சொல்கிற அந்தப் பதில், ராகத்தோடு, முழுதாக வந்தது. ராத்தா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சகோதரங்களே, அவர் சுகமாகவில்லை. கை இன்னும் தொங்குகிறது. பேசச் சொன்னால் இன்றைக்கும் அந்த ஒரு சொல்தான். எங்கள் பாடு வேறு ஆட்கள் கைக்குப் போய்விட்டது. கரையில் அம்பாச் சத்தம் கேட்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். பேச்சு போனவர்களுக்குச் சில வேளை பாட்டு மிஞ்சும் என்று டொக்டர் சொன்னார். மிஞ்ச வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். நான் கேட்டதை ஆண்டவர் அன்றைக்கே தந்துவிட்டார். எனக்குத்தான் விளங்கவில்லை.

நீங்களும் என்னைப்போல ஆண்டவரோடு சண்டையில் இருந்தால், வெட்கப்படாமல் இருங்கள், விட்டுப் போய்விடாதீர்கள். ஏற்கனவே வந்த பதிலை இன்னொரு தரம் காதுகொடுத்துக் கேளுங்கள்.

போன கிழமை பிரார்த்தனை முடிந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. அதே ராகத்தில் இழுத்தார்: "ஜெசிந்தா... தேத்தண்ணி தாரும்." அடுப்பில் கேத்தலை வைத்துவிட்டு, தண்ணீர் கொதித்து வற்றும்வரை அழுதேன்.