ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுகிர்தம் தூங்குவாள்

இலங்கை மலைநாட்டில், வட்டவளைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பெண்ணைப் புகழ்வதற்கு ஒரே பேச்சுதான் இருந்தது: "அவ குந்தி நான் பாத்ததில்ல." சுகிர்தத்தின் தாய் அந்தோனியம்மாவை அடக்கம் செய்த அன்றும் அதையேதான் சொன்னார்கள். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள், நெஞ்சு வலிக்கிறதென்று கூடையை இறக்கி வைத்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. ஐம்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. குழிக்கு மண் போட வந்த ஒவ்வொருவரும் சுகிர்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்கம்மா ஒரு நா உக்காந்ததில்ல புள்ள" என்றார்கள்.

இது எழுபத்தெட்டாம் ஆண்டு நடந்தது. சுகிர்தத்துக்கு அப்போது முப்பது வயதிருக்கும். ஆறுதலாகச் சொன்ன அந்த வார்த்தை அவளுக்கு ஆறுதலாகப் படவில்லை. வீட்டுக்கு வந்ததும் தன் புருஷன் வியாகுலத்திடம் சொன்னாள்: "எங்கம்மா உக்காந்தத யாருமே பாக்கலயாம். அத பெருமையா சொல்றாங்க."

வியாகுலம் கெட்ட மனுஷன் இல்லை. கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடிகளைக் கத்தியால் கழித்து, கொடுத்த அளவை முடித்துவிட்டால் இரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடலாம். வந்து குளித்து, கொஞ்சம் படுத்து எழுந்து, கடைவீதியில் மக்பூல் நானாவின் கடைக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துப் பேசிவிட்டு வருவார். ஆம்பளைகள் எல்லாருக்கும் அதுதான் வழக்கம். பெண்களுக்கு வேலை முடிவது ஐந்து மணிக்கு. கொழுந்து நிறுத்துக் கொடுத்து, விறகு பொறுக்கிக்கொண்டு, பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்ள விட்ட குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வரிசை வீடுகளான லயத்துக்கு வந்தால் அதற்குப் பிறகுதான் அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்த பிறகு துணி துவைப்பது, சாணி மெழுகுவது, வாரத்துக்கு விறகு சேர்ப்பது. மற்ற நாளைவிட அன்றைக்குத்தான் இடுப்பு அதிகமாக ஒடியும்.

தாயின் முப்பதாம் நாள் பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு ஆனதும் சுகிர்தம் உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்தாள். பாத்திரம் கழுவாமல் கிடந்தது. துணி மூட்டை கட்டியபடி இருந்தது.

வியாகுலம் வந்து வாசலில் நின்றார். "காச்சலா?"

"இல்ல."

"பின்ன என்னா?"

"தூக்கம் வருது. தூங்குறேன்."

அவர் வெளியே எட்டிப் பார்த்தார். "பக்கத்து வீட்டுல கேட்டா நான் என்னா சொல்றது?" என்றார்.

"தூங்குறான்னு சொல்லுங்க. பொய் சொல்ல வேணாம்."

அன்றைக்கு அவள் தேத்தண்ணி நேரம்வரை தூங்கினாள். எழுந்தபோது துணி அப்படியேதான் கிடந்தது. ஆனால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. வியாகுலத்தின் சட்டைக் கை நனைந்திருந்தது.

அடுத்த ஞாயிறும் படுத்தாள். அதற்கடுத்ததும். லயம் முழுக்கப் பேச்சானது. சுகிர்தத்துக்கு உள்ளே ஏதோ வியாதி என்றார்கள். லயத்தில் அடுத்த காம்பரா வீட்டு வீரம்மா, கொத்தமல்லி அவித்த தண்ணீரைச் சொம்பில் எடுத்துக்கொண்டு பார்க்க வந்தாள்.

"அக்கா, ஒடம்புக்கு என்னா செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. வா, நீயும் படு."

"ஐயோ, அடுப்புல சோறு வெக்கணும்."

"ஒங்க வீட்டுக்காரரு என்னா பண்றாரு?"

"சும்மாதான் இருக்காரு."

"அப்ப சோறு வெந்துரும்."

வீரம்மா சிரித்துக்கொண்டே பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பேசிக்கொண்டிருந்தவள் பாதிப் பேச்சில் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் புருஷன் மாயாண்டி தேடி வந்தபோது சுகிர்தம் வாயில் விரலை வைத்து, "எழுப்பாதீங்கண்ணே" என்றாள். மாயாண்டி திரும்பிப் போய், தானே சோறு வடித்தார். அது குழைந்துபோனது என்றும், வீட்டில் எல்லாரும் அதைச் சாப்பிட்டார்கள் என்றும் மறுநாள் மலையெல்லாம் கதை.

இப்படித்தான் அது பரவியது. சில மாதங்களில் ஞாயிறு மத்தியானம் சுகிர்தத்தின் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் சாக்கு விரித்துப் பெண்கள் வரிசையாகப் படுத்திருப்பார்கள். மழை கூரைத் தகரத்தில் விழும். உள்ளே ஒரு பேச்சிருக்காது. மலை ஊற்று விழும் பீலியில் தண்ணீர் பிடிக்க ஆம்பளைகள் குடத்தோடு நின்றார்கள். முதலில் குடம் எடுத்தவர் வியாகுலம்தான். மக்பூல் நானா கடையில், "என்ன வியாகுலம், ஒங்க வூட்ல இப்ப நீங்கதான் பொம்பளையாமே" என்று யாரோ கேலி செய்தபோது, "எங்க வூட்ல ரெண்டு பேருமே மனுசங்க" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தாராம். அந்தப் பதில் அவருக்கு எப்படி வந்ததென்று சுகிர்தத்துக்கே ஆச்சரியம்.

சிக்கல் வந்தது கொழுந்து அதிகமாகத் தளிர்த்த ஏப்ரலில். ஞாயிறும் நாள் முழுக்க எல்லாரும் கொழுந்தெடுக்க வரவேண்டும் என்று உத்தரவு. சனிக்கிழமை நிறுவையில் கங்காணி முத்துலிங்கம் அதை வாசித்தார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சுகிர்தம் கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தாள். "பன்னெண்டு மணி வரைக்கும் எடுக்கிறோங்க. அதுக்கு மேல வர மாட்டோம்."

"நாள் முழுக்க வராதவங்களுக்கு பேர் போட வேணாம், சம்பளம் இல்லன்னு தொரை சொல்லிட்டாரு."

"போடாதீங்க."

"ஏன் புள்ள, மத்தியானத்துல அப்படி என்னா வேல?"

"வேல இல்ல. அதுக்குத்தான்."

மறுநாள் பன்னிரண்டு மணிக்குப் பெண்கள் கூடையோடு வரிசையாக மலையிலிருந்து இறங்கினார்கள். யாரும் சத்தம் போடவில்லை. கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கங்காணி ஆளில்லாத மலையில் குடையைப் பிடித்தபடி நின்றார்.

அன்றைக்குச் சாயந்திரமாகும் முன்பே தோட்ட மேலாளரான பெரிய துரையின் ஜீப் லயத்துக்கு வந்தது. அவர் இறங்கி வந்து பார்த்தபோது இஸ்தோப்பில் பெண்கள் படுத்திருந்தார்கள். வியாகுலம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துரை அவரிடம், "என்ன, இவங்களுக்கு சுகமில்லையா?" என்று கேட்டார்.

சுகிர்தம் எழுந்து தலைமுடியை முடிந்துகொண்டாள். "எல்லாரும் சுகமாத்தான் இருக்காங்க தொரை. தூங்குறாங்க."

"கொழுந்து முத்திப்போகும். தெரியுந்தானே?"

"தெரியுங்க. நாளைக்கு விடிய வந்து எடுப்போம்."

"நல்லாத் தூங்கினா நாளைக்குக் கூடுதலா எடுப்பீங்களா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர் சந்தோஷப்பட்டிருப்பார். "அதுக்காகத் தூங்கலீங்க தொரை. எடுக்கிறத எப்பவும் போல எடுப்போம். இந்த நேரம் எங்களுக்கு."

துரை ஜீப்பில் ஏறிப் போனார். ஞாயிறு வேலைக்கு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது அவருக்குத் தெரியும். தொழிற்சங்கத் தலைவர் சிவசாமி அடுத்த நாள் ஆபீசுக்குப் போய் அதையே நினைவுபடுத்தினார். அந்த வாரமே, ஞாயிறு வேலை விரும்பியவர்களுக்கு மட்டும், அதுவும் பன்னிரண்டு மணியோடு சரி என்று, அன்றாட வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் அறிவித்தார்கள். விடியற்கால இருட்டில், பனியில் நின்றுகொண்டிருந்த பெண்கள் அதைக் கேட்டதும் சுகிர்தத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மலைக்கு நடந்தாள். ஆனால் அன்றைக்கு அவள் நடை வேறு மாதிரி இருந்தது என்று வீரம்மா இன்றும் சொல்வாள்.

எண்பத்தாறில் அவள் மகள் மார்கிரட்டைப் பெண் கேட்டு வட்டகொடையிலிருந்து வந்தார்கள். நகை, துணிமணி எல்லாம் பேசி முடிந்தது. தட்டு மாற்றப் போகும்போது சுகிர்தம் மாப்பிள்ளையின் தாய் ஜோசப்பினிடம் சொன்னாள்: "ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிர்றேங்க சம்பந்தி. ஞாயித்துக்கெழம மத்தியானம் எம் பொண்ணு தூங்குவா."

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஜோசப்பின் மெதுவாகக் கேட்டாள்: "அப்ப வூட்டு வேல?"

வியாகுலம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதுக்கு மாப்ளைய ரெண்டு ஞாயிறு இங்க அனுப்புங்க. ரொட்டி சுட, சம்பல் இடிக்க, எல்லாம் நான் பழக்கி அனுப்புறேன்."

மாப்பிள்ளை தலையைக் குனிந்து சிரித்தான். ஜோசப்பின் மகனை ஒரு தரம் பார்த்தாள், அடுக்களைப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு, "நல்லாப் பழக்கி அனுப்புங்க," என்றாள். "நானும் கொஞ்சம் படுக்கணும்."

தட்டை மாற்றிக்கொண்டார்கள்.