தமிழ் பேசினால் கட்டை

டொக். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் விடுதியில், அறைச் சாவியோடு கோத்திருந்த மரக்கட்டை மேசையில் மோதியது. என் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

வெள்ளைக்காரன் கட்டிய பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். அவன் போய் எத்தனையோ காலமாகியும் அவன் சட்டம் போகவில்லை. தமிழ் பேசி அகப்பட்டவள் கழுத்தில் கயிறு கோத்த கட்டை. அடுத்துத் தமிழ் பேசுகிறவளைப் பிடித்தால் அவள் கழுத்துக்கு மாற்றிவிடலாம். சாயங்கால மணியின்போது கட்டை யாரிடம் இருக்கிறதோ, அவள் அப்பாவை அழைத்துவர வேண்டும். நாங்கள் தோழிகளாகவா இருந்தோம்? வெறும் காதுகளாக இருந்தோம்.

என் அப்பா ஏற்கெனவே வந்து தலைகுனிந்து நின்றிருந்தார். "இன்னொருக்கா கூப்புட்டாங்கன்னா, மில்லு வண்டியில ஏத்தி விட்ருவேன்." வேடசந்தூர்ப் பக்கத்து எங்கள் ஊருக்குள் வந்து, நூல் மில்லுக்குப் பெண்களை அள்ளிப்போகும் பஸ் அது.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கூடக் குழாயடிக்கே வந்துவிட்டாள் அம்மா. காலில் காட்டுச் செம்மண். கட்டையைப் போட்டிருந்தவள் என் பக்கத்தில்தான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மில்லுக்காரன் வந்து உக்காந்திருக்கான்டி. அவளுக்கே படிப்புல நாட்டமில்லங்கிறாரு உங்கப்பா. அவ வாயால கேட்டுட்டு வாரேன், அதுவரைக்கும் பேசாம இருங்கன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். சொல்லு, படிக்கிறியா?"

கட்டைக்காரி தட்டைக் கீழே வைத்தாள்.

நான் தலையாட்டினேன்.

"தலையாட்டுனத எப்படிடி கொண்டுபோயி காட்டுவேன்?"

"எஸ்" என்றேன்.

"எஸ்ஸு புஸ்ஸுன்னா உங்கப்பா விடுவாரா? வாயத் தொறயேன்டி."

சொன்னால் கட்டை. சொல்லாவிட்டால் மில். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே மில் பஸ். அம்மாவின் முகத்தில் வியர்வை, புழுதி, அதற்கும் அடியிலிருந்து என்மேல் மெல்ல எழும்பிய சந்தேகம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"படிக்கணும்மா. மில்லுக்குப் போகமாட்டேன்."

டொக். என் சட்டைப் பொத்தானில் கட்டை மோதியது.

"என்ன தாயி இது, ஓடுற மாட்டுக்குக் கட்டுற மாதிரி?" அம்மா கட்டையை மாட்டியவளைக் கேட்டாள்.

"தமிழ்ல பேசுனா மாட்டுவோம் ஆன்ட்டி. கடைசியா யார் பேசுனாங்களோ அவங்களுக்கு."

"அப்ப நீ இப்ப பேசுனது என்ன பாஷை?"

குழாயடியே சிரித்தது. அவள் வெளிறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா சிரிக்கவில்லை. என் கழுத்திலிருந்து கட்டையைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டி, முந்தானையால் மூடினாள்.

"கடைசியா பேசுனது நாந்தான."

வகுப்பு மணி அடித்தது. வாசல்வரை பின்னாலேயே ஓடினேன்.

"அம்மா, சாயந்தரம் கட்டை எங்கன்னு கேப்பாங்களே?"

"எங்கம்மா போட்டுக்கிட்டுப் போயிருச்சுன்னு சொல்லு. கட்டை வச்சிருக்கவ அப்பனத்தான வரச் சொல்லுவாக? எங்கப்பன் செத்து வருசமாச்சு, போயி கூட்டியாரச் சொல்லு. நீ வகுப்புக்குப் போ."