ஓணம் வாழ்த்தும் ஸ்டெல்லா அக்காவின் ரப்பர் பாலும்

திற்பரப்பு அருவிக்குப் போகத்தான் கிளம்பினேன். ஓணம் விடுமுறை, நாலு நாள் விடாத மழைக்குப் பிறகு வெயில், அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று அருமனையிலிருந்து ஜெரின் ஆசை காட்டினான். கல்லூரியில் என் பெஞ்சுக்காரன். இப்போது ஒரு ரப்பர் கம்பெனிக்காகப் பால் கொள்முதல் நிலையம் நடத்துகிறான். நான் சென்னையில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். இந்தப் பதிவில் அருவிப் படம் ஒன்றுகூட இல்லை, தேடாதீர்கள்.

நாகர்கோவிலில் காலை ஏழரைக்கு பஸ். மார்த்தாண்டத்தில் மாறி அருமனையில் இறங்க, நின்று நின்று இரண்டு மணி நேரம். அங்கிருந்து ஜெரின் நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். என் காலடியில் இரண்டு கேன் ரப்பர் பால். ஒவ்வொரு குழியிலும் தளும்பி என் செருப்பில் தெறித்தது. "பாத்து இரி மக்களே, துணியில பட்டா போவாது," என்றார் கேனுக்குச் சொந்தக்காரர் ஸ்டெல்லா அக்கா. மழையில் பால்வெட்டே இல்லையாம், இன்றைக்குத்தான் மரத்தில் கத்தி வைத்திருக்கிறார். அவர் போவதும் ஜெரின் நிலையத்துக்குத்தான்.

நிலைய வாசலில் புதுப் பலகை: 'முழுமையான கிளவுட் நேட்டிவ் கொள்முதல்'. உள்ளே ஜெரின் போனைத் தட்டிக்கொண்டு நிற்கிறான், கொள்முதலைப் பதிகிற கம்பெனி ஆப் திறக்கவில்லை. எடை மெஷின் ஓடுகிறது. டேங்கர் லாரி நிற்கிறது. பால் உறையாமல் இருக்க ஊற்றும் அமோனியாவும் அதே லாரியில் இருக்கிறது. ஆனால் ஆப் ஓகே சொல்லாமல் டிரைவர் எதையும் இறக்கவும் மாட்டார், ஏற்றவும் மாட்டார்.

"துண்டுச் சீட்டுல எழுதி ஏத்துலே," என்றேன்.

"ஏத்தினா எனக்க ஏஜென்சி போவும், கேட்டியா? சீட்டு செல்லாதுன்னு போன மாசமே சொல்லியாச்சு."

அவன் போனைப் பிடுங்கி கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தேன். எடுத்தவர் பதறவே இல்லை. "ஓணம் வாழ்த்துப் படம் ஒண்ணு ஏத்தினோம் சார், அதுல மொத்த ஆப்பும் விழுந்துடுச்சு. கொஞ்சம் வெயிட் பண்ணுங்க."

வாழ்த்துப் படம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை விட்டெறிந்திருப்பேன், ஜெரின் போனாகப் போயிற்று. படம் விழுந்தால் எடையைப் பதியும் பகுதி ஏன் ஐயா விழ வேண்டும்? அடுக்களையில் பல்பு ஃபியூஸ் போனால் கிணற்று மோட்டார் நிற்குமா? வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஒன்று படுத்தாலும் மற்றது ஓடும்படி எழுதுவதற்குத்தான் கிளவுட் நேட்டிவ் என்று பெயர். இவர்கள் பழைய மென்பொருளை அப்படியே மூட்டையாகக் கட்டி வாடகைக் கம்ப்யூட்டரில் கொண்டு போட்டிருக்கிறார்கள். பலகை அடிக்க மட்டும் தெரிகிறது சவங்களுக்கு.

வெயில் ஏறியது. அக்கா மூடியைத் திறந்து திறந்து பார்த்தார். "எப்பம் வரும் ஜெரினே? பால் நிக்காதுடே." அவனும் பத்து தடவை "இப்ப வந்துரும்" என்றான். மதியம் கேனுக்குள் விரலை விட்டவர் கையை எடுத்துச் சேலையில் துடைத்தார். பால் தயிராக இறுகிவிட்டது.

அதற்கப்புறம் ஆப் வந்தது. முதலில் ஓணப் பூக்கோலம் போட்ட வாழ்த்து, திரை முழுக்க.

"கட்டியாவாவது எடுத்துக்கிடுவியா மக்களே?"

"கட்டிக்கு இதுல பட்டனே இல்லக்கா," என்றான் ஜெரின். அவர் முகத்தை அவன் பார்க்கவில்லை.

அருவிக்குப் போகிறவர்களுக்கு: அருமனையிலிருந்து திற்பரப்பு பக்கம்தான், ஆட்டோ கிடைக்கும். விடுமுறையில் கூட்டம் நெரிக்கும், காலையிலேயே போய்விடுங்கள், மாற்றுத் துணி முக்கியம். தொழில் நடத்துகிறவர்களுக்கு: கிளவுட் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், அதுதான் எனக்குச் சோறு போடுகிறது. விற்க வருகிறவனிடம், "வாழ்த்துப் படத்தை உன் கையால் நிறுத்து, எடைப் பதிவு ஓடுகிறதா பார்ப்போம்" என்று மட்டும் கேளுங்கள். முழித்தான் என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நான் அருவிக்குப் போகவில்லை. அக்காவோடு ஆட்டோவில் ஏறி, கேன்களைக் காலுக்கிடையில் பிடித்துக்கொண்டு திரும்பினேன். அதே ரோடு, அதே குழிகள். என் செருப்பில் ஒரு சொட்டும் தெறிக்கவில்லை.