பின்பக்கத்து விடைகள்

என் அப்பா வெள்ளைக்கார என்ஜினியர் ஒருவரிடம் மார்பின் குறுக்கே டவாலி போட்ட பியூனாக இருந்தார். துரை பாலம் பார்க்கவோ ஏரிக்கரை பார்க்கவோ கிளம்பினால், வரைபடச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் நடப்பது அவர் வேலை. சுருளில் இருப்பது அவருக்குப் புரியாது. துரை அதை விரித்துப் பார்க்கும்போது, இவர் துரையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். தன் மகனுக்கும் அந்த முகம் வர வேண்டும் என்று எப்போதோ முடிவு செய்துவிட்டார்.

அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அண்ணன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். அவனுக்கு வாய்தான் சொத்து. காய்கறிக்காரியிடம் கன்னடம், ஜட்காக்காரனிடம் உருது, பட்டாளத்துக்காரர்களிடம் இங்கிலீஷ் என்று யாரோடும் அவரவர் வீட்டுப் பிள்ளை போலப் பேசுவான். கணக்கு மட்டும் வராது. நாலாம் பாரத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், விருப்பப் பாடம் எடுக்க வேண்டும். சரித்திரம் எடுக்கப்போவதாகச் சொன்னான்.

"சரித்திரம் படிச்சி? செத்துப்போன ராஜாவுக்கு விசிறி போடப் போறியா?" என்றார் அப்பா.

மறுநாள் டவாலியோடு பள்ளிக்கூடத்துக்கே போனார். இவனுடைய மார்க்குக்குக் கணக்குப் பிரிவில் இடமில்லை என்று ஹெட்மாஸ்டர் சொன்னதும், வகுப்புக்கு முன்னால் அவர் காலில் விழுந்துவிட்டார். ஹெட்மாஸ்டருக்கு விளையாட்டாக இருந்திருக்கிறது. அண்ணனைக் கூப்பிட்டு, கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதிப் போடச் சொன்னார். அவன் சாக்பீஸை வைத்துக்கொண்டு நின்றான். அப்பா இன்னும் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. வகுப்பு முழுக்கச் சிரித்தது. "சரி, சேத்துக்கறேன். அப்பனுக்கும் புள்ளைக்கும் ஒண்ணாவே புத்தி வரட்டும்" என்றாராம் ஹெட்மாஸ்டர். இதை அண்ணன் எனக்குச் சொன்னபோது அவன் முகத்தில் எதுவுமே இல்லை.

அன்று முதல் சாயங்காலங்கள் மாறிவிட்டன. அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது; எண்கள் தெரியும். அல்ஜீப்ரா புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் விடைகள் அச்சாகியிருப்பதை யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். புத்தகத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அண்ணனைக் கணக்குப் போடச் சொல்லி, சிலேட்டில் வந்த விடையைப் பின்பக்கத்தோடு ஒத்துப்பார்ப்பார். அநேகமாக ஒத்துப்போகாது.

நான் பக்கத்து ஊரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரம். அண்ணன் தூங்கிய பிறகு அவன் புத்தகத்தைப் புரட்டுவது என் வழக்கம். ஒருநாள் அவன் திணறிய கணக்குக்கு, வாய் தவறி விடையைச் சொல்லிவிட்டேன். அப்பா பின்பக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அண்ணனின் கன்னத்தில் அறைந்தார். "ஒரு பொட்டப்புள்ள போடறா. உனக்கு இன்னாடா கேடு?"

அதுவே முறையாகிவிட்டது. முதலில் அண்ணன் போடுவான். தப்பாக இருந்தால் என்னைக் கூப்பிடுவார். எனக்குச் சரியாக வந்தால் அவனுக்கு அறை. என் சிலேட்டைப் பார்த்தபடியே கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்பான். அம்மா அடுப்பங்கரையை விட்டு வெளியே வர மாட்டாள்.

ஒருமுறை எனக்கே நிஜமாகத் தப்பு வந்தது. அப்பா இரண்டு சிலேட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கணக்கே கஷ்டம் போல" என்று புத்தகத்தை மூடினார். அன்று அடி இல்லை. அதற்குப் பிறகு நான் வேண்டுமென்றே தப்பாகப் போட ஆரம்பித்தேன். கழிக்கிற இடத்தில் கூட்டிவிட்டால் போதும். சரியான விடையை மனசுக்குள் வைத்துக்கொண்டு தப்பானதை எழுதுவதற்கு, சரியாகப் போடுவதைவிட அதிகக் கவனம் வேண்டியிருந்தது. அண்ணன் கண்டுபிடித்துவிட்டான். ஒரு நாள் சிலேட்டின் மறுபக்கத்தில் நான் போட்டு வைத்திருந்த சரியான வழியைப் பார்த்தான். உள்ளங்கையால் அதைத் துடைத்துவிட்டு, சிலேட்டைத் திருப்பிக் கொடுத்தான்.

அந்த வருஷக் கடைசியில் மதராஸிலிருந்து புதிதாக வந்திருந்த கணக்கு டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் பள்ளிக்கூடத்தில் நாலாம் பாரம் போகும் பெண்களுக்குத் தையலும் சுகாதாரமும்தான். கணக்குப் பிரிவு ஆரம்பிக்க அவர் மதரிடம் சம்மதம் வாங்கியிருந்தார். அதற்குப் பெண்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

"உங்க பொண்ணைக் கணக்குப் பிரிவுல விடுங்க. காலேஜ் வரைக்கும் போவா" என்றார்.

அப்பா சிரித்தார். "ஸ்கூல்ல யாரைப் பாத்து எழுதறாளோ, டீச்சரம்மா. நான் தெனமும் வீட்ல பரீட்சை வெக்கிறேன். ஆரம்பத்துல ஏதோ போட்டா. இப்போ ஒண்ணும் வர்றதில்ல."

"அப்படி இருக்காதுங்க."

"இருக்காதா? தோ, உங்க எதிர்லயே பாத்துடலாம். டேய், புக்கை எடுத்துட்டு வா."

அண்ணன் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றான். அப்பா ஒரு கணக்கின்மேல் விரலை வைத்தார். சிலேட்டை வாங்கிக்கொண்டேன். டீச்சர் என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த பலப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சரியாகப் போட்டேன்.

அப்பா பின்பக்கத்தைப் பார்த்தார். இன்னொரு கணக்கு கொடுத்தார். அதுவும் சரி. அடுத்ததும் சரி. டீச்சர் சந்தோஷமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அப்பாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "இத்தினி நாளா ரெண்டு பேரும் சேந்து என்னை முட்டாளாக்கினீங்களா?" என்று எழுந்தார். அடி எனக்கில்லை. அதுவரை அண்ணனுக்குத் தப்பிப்போன அறைகளையெல்லாம் அப்பா அன்றே கொடுத்துத் தீர்த்தார். அண்ணன் கையைக்கூடத் தூக்கவில்லை. டீச்சர் "ஐயோ, விடுங்க, விடுங்க" என்று கத்திக்கொண்டே வாசல்வரை பின்வாங்கினார்.

"பொய்க்காரிக்குக் கணக்கு எதுக்கு, டீச்சரம்மா? தையல்லயே இருக்கட்டும்" என்று அவரிடம் மூச்சு வாங்கச் சொன்னார் அப்பா. டீச்சர் மறுபடி வரவில்லை. போதுமான பெண்கள் கிடைக்காததால் கணக்குப் பிரிவும் வரவில்லை.

அண்ணன் பள்ளியிறுதிப் பரீட்சையில் கணக்கில் தவறினான். திரும்ப எழுதியும் தவறினான். அதற்குள் யுத்தம் வந்து, ஊரில் புதுப் புதுப் பட்டறைகள் முளைத்தன. கணக்குப் பிரிவில் படித்த பையன் என்று துரையிடம் ஒரு வார்த்தை வாங்கி, அப்பா அவனை ஒரு பெரிய தொழிற்சாலையில் சேர்த்தார். அங்கே கணக்கில் தேறியவர்களை மெஷின் ஷாப்புக்கும் வரைபட அறைக்கும் அனுப்பினார்கள். தவறியவர்களை வார்ப்படச் சாலைக்கு. இரும்பை உருக்கி மணல் அச்சில் ஊற்றுகிற இடம் அது. அவன் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும்.

என்னைத் தையல் படித்தவள் என்று பட்டாளத்துக்குக் கூடாரம் தைக்கும் கொட்டகையில் எடுத்துக்கொண்டார்கள். துணியை எந்த அளவில் வெட்டினால் வீணாகாது என்று கணக்குப் பார்க்கும் மேஜை அங்கே ஒன்று உண்டு. அதில் வேலை கேட்டுப் பார்த்தேன். "கணக்குப் பிரிவா?" என்றார் சூப்பர்வைசர். "தையல்" என்றேன். "அப்புறம் என்னம்மா, மெஷினுக்குப் போ" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அண்ணன் தொழிற்சாலையில் என்ஜினியர் வேலைக்குப் பழகுவதாகச் சந்து முழுக்கச் சொல்லி வைத்திருந்தார் அப்பா. ஒருநாள் உருகிய இரும்பு தெறித்து அவன் பாதத்தில் விழுந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டி வந்தவனை வாசலிலேயே நிறுத்தி, "பூட்ஸைப் போட்டுக்கோ. கட்டோட யார் கண்லயும் படாதே" என்றார். கட்டின்மேலேயே பூட்ஸை மாட்டிக்கொண்டு தினமும் வேலைக்குப் போனான். புண் புழுத்தது.

வெந்நீர் வைத்து அதைக் கழுவிவிட்டபோதுதான், வருஷக்கணக்காக என்னிடம் சரியாகப் பேசாதவன் பேசினான்.

"அன்னிக்கி எதுக்குச் சரியாப் போட்டே?"

"எனக்குப் படிக்கணும்னு இருந்துச்சு, அண்ணா."

"கெடச்சுதா?"

நான் துணியைப் பிழிந்தேன்.

"தப்பாவே போட்டிருந்தா நான் ஒருத்தனாவது தப்பிச்சிருப்பேன்" என்றான். பிறகு, "மெதுவா. வலிக்குது" என்றான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். இனி வார்ப்படச் சாலைக்கு ஆகாது என்று தொழிற்சாலையில் அவனை வாசலில் உட்கார வைத்தார்கள். லாரிக்காரர்கள், கான்ட்ராக்டர்கள், சோல்ஜர்கள் என்று வருகிறவர்களையெல்லாம் அவரவர் பாஷையில் விசாரித்து உள்ளே விடும் வேலை. அதில் அவனுக்கு நல்ல பெயர். அங்கே அவன் சிரித்துப் பேசுவான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வீட்டில் நான் பார்த்ததில்லை.

யுத்தம் முடியப்போகும் சமயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் அப்பாவைப் பார்க்க வந்தார். அவர் மகனுக்கு நாலாம் பாரம். எதில் சேர்ப்பது என்று குழப்பமாம்.

"என் வீட்டைப் பாருங்க. ரெண்டும் ஃபேக்டரில இருக்குது. எதை எதுல சேக்கணும்னு நான்தான் முடிவு பண்ணேன். அதுங்களைக் கேட்டிருந்தா இந்நேரம் தெருவுல நின்னிருக்கும்" என்றார் அப்பா.

பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் மரியாதையோடு பார்த்தார். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தான். நான் அவருக்குக் காப்பி வைத்தேன்.

"அப்போ என் பையனுக்கு?"

"கணக்குதான். யோசிக்கவே யோசிக்காதீங்க" என்றார் அப்பா. "வரலைன்னு சொல்லுவான். ரெண்டு போடுங்க, வரும்."

அவர் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுக் காப்பியைக் குடித்தார்.